இரவல் மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

வருடாந்திர உடல் சோதனை முடிந்தது. பிரஷர் நூற்று இருபத்தாறுக்கு எண்பது! பதினெட்டு வருடமாகக் கன்டெய்னர் கிரேன் ஓட்டுகிறேன். நாற்பது மீட்டர் உயரத்தில் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் ஒரு பயல் என்னை அதிகாரம் பண்ண முடியாது. இன்னும் ஒரு வருடத்துக்கு அது என்னுடையது.

ரகசியத்தை இங்கே எழுதலாம். மீசை அண்ணன் எனக்கு சீனியர் ஆபரேட்டர். தன் தம்பி சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் ஐந்தைக் கொண்டுவந்து கொடுப்பார். சோதனைக்கு ஐந்து நாள் முன்பிருந்து தினம் ஒன்று. முடிந்ததும் நிறுத்திவிட வேண்டியதுதான். துறைமுக யார்டில் பாதிப் பேர் இப்படித்தான் தேறுகிறோம். எனக்கு இது மூன்றாவது வருடம். அடிக்கடி தலைவலி வருகிறதே? அது வெயில்.

புதிதாக வந்த டாக்டரம்மா சிறுநீரும் கேட்டாள், இதயத்துக்கு ஸ்கேனும் எடுக்கச் சொன்னாள். எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

கூப்பிட்டு அனுப்பினாள்.

"சிறுநீர்ல புரதம் கசியுதும்மா. முப்பதுக்குக் கீழ இருக்கணும், உங்களுக்கு நூத்தி நாப்பத்தெட்டு. இதயத்தோட சுவரும் தடிச்சிருக்கு. பிரஷர் வருஷக்கணக்கா ஏறிக் கிடந்தாத்தான் இப்படி ஆகும். உங்க பேப்பர்ல மூணு வருஷமும் நார்மல்னு இருக்கே, எப்படி?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். முகத்தில் ஈயாடவில்லை எனக்கு.

மார்ச் 12, புதன்

வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். என் அறிக்கையையும் அப்படித்தான் படித்தார், விரலை வைத்து, வரி வரியாக.

"இதுல ஒரு பிழை இருக்கு."

"எங்க?"

"உன்கிட்ட."

சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "மேல இருக்கறப்போ உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீ தூக்குற பெட்டி கீழ நிக்கிறவன் தலைல விழுமே, அதை யோசிச்சியா?" என்றார்.

யோசிக்கலையே! மூணு வருஷத்துல ஒரு நாள்கூட யோசிக்கலையே. என்ன பொம்பளை நான்?

மார்ச் 13, வியாழன்

டாக்டரிடம் போய் உடைத்துச் சொன்னேன். என்னைப் பற்றி மட்டும், வேறு யாரையும் இழுக்கவில்லை. உடனே அளந்தாள். நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்று நான்கு.

ஆறு மாதம் கூண்டு கிடையாது. கேட் அறையில் லாரிச் சீட்டுக்கு முத்திரை குத்த வேண்டும்.

"கிட்னியும் இதயமும் கெட்டுப் போகலம்மா. இப்பத்தான் ஆரம்பம். இப்பவே கவனிச்சா பெரும்பாலும் சரியாகும்."

"ஆகலைன்னா?"

"மேல அனுப்ப மாட்டேன்."

மார்ச் 17, திங்கள்

இனி எல்லா ஆபரேட்டருக்கும் சிறுநீர்ச் சோதனை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். டாக்டருக்கு மூளை இருக்கிறது, ஒருத்தி செய்தால் ஊரே செய்யும் என்று புரிந்துகொண்டாள். மீசை அண்ணன் என்னைப் பார்த்ததும் எதிர்ப் பக்கம் போய்விட்டார். மற்றவர்களும்தான். காட்டிக்கொடுத்தவளாம் நான்.

ஏப்ரல் 9, புதன்

உப்புக் குறைத்த சாப்பாடு. அட்டையை மெல்லுவதுபோல் இருக்கிறது. முதுகுவலிக்கு நான் பாட்டுக்கு விழுங்கிக்கொண்டிருந்த வலி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர், அதுவும் பிரஷரை ஏற்றுமாம். தினம் நாற்பது நிமிடம் நடை. துணைக்கு வருகிறேன் பேர்வழி என்று வீட்டுக்காரரும் கிளம்புகிறார். இரண்டாவது தெருவிலேயே அவருக்கு மூச்சு இளைக்கிறது. அவருக்காக நான் நிற்க வேண்டியிருக்கிறது!

மே 20, செவ்வாய்

என் கிரேனை இன்றைக்கு எவனோ ஓட்டினான். பெட்டியை ஆட்டுறான், ஆட்டுறான், ஊஞ்சல் மாதிரி ஆட்டுறான். வயிறு எரியுது. கேட் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் விடவில்லை.

மே 21

கால் வலி. நடந்தேன்.

ஜூன் 26, வியாழன்

மீசை அண்ணன் கேட் அறைக்கு வந்தார். மூன்று மாதம் சாக்குப்போக்குச் சொல்லி இழுத்தடித்துவிட்டு, போன வாரம்தான் சோதனைக்குப் போயிருக்கிறார். தாளை என் மேஜையில் வீசினார். சிறுநீரில் புரதம் இருநூற்றுப் பத்து.

"எல்லாம் உன்னாலதான்."

"ஆமாண்ணே. என்னாலதான் தெரிஞ்சுது."

முறைத்தார். பிறகு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் தம்பி மாத்திரையைத்தானே கொடுத்தேன், விஷத்தையா கொடுத்தேன்?" என்றார்.

"சரி, நீ என்னதான் பண்றே? சொல்லு," என்றார்.

சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன். வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன, நிற்கட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

இருபத்து நான்கு! நூத்தி நாப்பத்தெட்டு எங்க, இருபத்து நாலு எங்க! பிரஷர் நூற்று இருபத்திரண்டுக்கு எழுபத்தெட்டு, இந்தத் தடவை என் சொந்த மாத்திரையில். இதயச் சுவரும் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. மாத்திரையை ஆயுசுக்கும் விடக் கூடாது என்றார் டாக்டர். விட்டால்தானே!

"அப்போ கையெழுத்துப் போட்டுடவா?" என்று சிரித்தார்.

"இதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருப்பாங்க? போடுங்கம்மா!"

ஜெயிச்சுட்டேன். தெருவெல்லாம் கத்திச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஏறினேன். நாற்பத்தோரு பெட்டி. ஒன்றுகூட ஆடவில்லை.

டிசம்பர் 3, புதன்

மதியம் வாக்கி டாக்கி கரகரத்தது. கேட் அறையில் இப்போது முத்திரை குத்துவது மீசை அண்ணன்.

"தங்கச்சி, மேல இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"இப்பத்தான் தாள் வந்துச்சு." நிறுத்தினார். "எண்பத்தெட்டு."

முப்பதுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் இருநூற்றுப் பத்திலிருந்து எண்பத்தெட்டு!

அவசரத்துக்குத் தவிர கிரேன் ஹாரனைத் தொடக் கூடாது என்பது யார்டு விதி. மூன்று தடவை அடித்தேன். கீழே அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.