பதினொரு கிலோ

மார்ச் 1, சனி

துணி துவைத்தேன். மடிக்கவில்லை.

கார்ப் பந்தய கிளப்பின் தலைவர் போன் செய்தார். நாளைக்குப் போட்டி, கார்களை எடை போட ஆளில்லையாம். "ஒன்பது வருஷமா உங்க வீட்டுக்காரர் எடை போடறப்ப பக்கத்துல உட்கார்ந்து நோட்டுல எழுதினது நீங்கதானே? உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

சரி என்றேன். அவர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் வாயில் வருகிறது. மாட்டேன் என்று சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

எங்கள் கிளப்பில் பெரிய வீரர் என்று யாரும் கிடையாது. வாரம் பூராவும் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கார் விரட்டுகிறவர்கள். ஓட்டுகிற ஆளோடு சேர்த்து 850 கிலோ வரை சின்னப் பிரிவு. ஒரு கிலோ கூடினாலும் பெரிய பிரிவு. வருஷத்தின் முதல் போட்டியில் போடுகிற எடைதான் அந்த வருஷம் முழுக்கக் கணக்கு. சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு அங்கே போய் மாட்டினால் கடைசி இடம் நிச்சயம்.

அவர் செய்தபடியே செய்தேன். நான்கு சக்கரத்துக்கு நான்கு எடைத் தட்டு. பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் வைத்தேன். டயர் வழுக்காமலிருக்க ஒவ்வொரு தட்டிலும் ரப்பர் விரிப்பு போட்டேன். முதலில் வந்தவர் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டரம்மா. ஹெல்மெட்டோடு காருக்குள் இருந்தபடியே கேட்டார்: "ஏங்க, விரிப்பைப் போட்டுட்டுத்தானே பூஜ்யம் வைக்கணும்?"

காரை இறக்கச் சொல்லி, விரிப்புகளை மட்டும் எடை பார்த்தேன். நான்கும் சேர்ந்து 11 கிலோ.

மறுபடி பூஜ்யம் வைத்து எல்லாக் கார்களையும் ஒழுங்காக எடை போட்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம். எல்லோருக்கும்தானே பதினொரு கிலோ கூடியது, பிறகு அநியாயம் எங்கிருந்து வந்தது?

மார்ச் 3, திங்கள்

வந்திருக்கிறது. ஒன்பது நோட்டையும் புரட்டினேன். மற்ற எல்லாக் கார்களும் பதினொரு கிலோவைக் கழித்தாலும் அதே பிரிவில்தான் நிற்கின்றன. ஒன்றைத் தவிர. மூன்று வருஷத்துக்கு முன், பேக்கரிக்காரர், 856. என் கையெழுத்துதான்.

845 என்று இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேக்கரிக்காரர் பின் சீட்டைக் கழற்றியிருந்தார், ரேடியோவைக் கழற்றியிருந்தார், கதவின் உள் அட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. அவரும் பாதியாக இளைத்திருந்தார். பேக்கரி வைத்துக்கொண்டு பட்டினி கிடந்த மனிதர். "ஷெட்டுல போட்டப்ப 845 காட்டுச்சு சார்" என்றார். அதற்கு என் வீட்டுக்காரர், "அப்ப ஷெட்டுக்குள்ளயே ரேஸ் ஓட்டுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் முழுக்கப் பெரிய பிரிவில் கடைசியாக ஓடினார். பிறகு காரை விற்றுவிட்டு கிளப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சின்னப் பிரிவுக் கோப்பை என் கொழுந்தனுக்குப் போனது.

மார்ச் 6, வியாழன்

கொழுந்தனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்காக அவரை மெச்ச வேண்டும். "அண்ணன் கை தராசுன்னு ஊரே சொல்லுது. அவர்கிட்ட மிச்சம் இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதான். அதையும் எடுத்துடப் போறீங்களா அண்ணி?"

எடுக்கப் போறேனா? அவர் வேணும்னு செய்யல. ஆனா அந்த ஆள் பட்டினி கிடந்தாரே — அதை யார்கிட்ட போய்க் கேப்பார்? எனக்கு அழுகையும் வரல, கோபமும் வரல. மரத்துப்போன கால்ல ஊசி குத்துற மாதிரி, குத்துறது தெரியுது, அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த போட்டியில் எல்லோர் முன்னாலும் படிப்பாராம். கொழுந்தன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கூட்டத்தில் படிப்பதற்கு முன் பேக்கரிக்காரருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. பஸ் பிடித்து பேக்கரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார். சிரிக்கவில்லை. விரிப்பு, பூஜ்யம், 845 என்று ஒப்பித்து முடித்தேன். கையிலிருந்த மாவைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் சம்சாரம்கூட என்னை நம்பலம்மா" என்றார். "தராசு பொய் சொல்லுமா, நீங்கதான் திருட்டுத்தனமா தின்னிருப்பீங்கன்னா."

மன்னிச்சிடுங்க என்றேன்.

"நீங்க ஏம்மா கேக்கறீங்க? உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னாரில்ல? அவர் வாயால கேக்கணும் நான்."

அவருக்குத் தெரியாது. கிளப்பை விட்டு விலகிய மனிதருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கொழுந்தன்தான் எல்லோருக்கும் போன் செய்தார். நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த அவசியமே வரவில்லை.

"அவர் வர மாட்டார்" என்றேன். கோபத்தில் அவர் முகம் சிவந்தது. வேறு வழியில்லை. "அவர் செத்துப் போயிட்டார். டிசம்பர்ல."

என் குரல் எனக்கே கேட்டது. கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் மூன்று பேர் ரொட்டிக்கு நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதேன்.

பேக்கரிக்காரர் அந்த மூவரையும் அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார்.