அரையிறுதிக்குப் போகாத சனிக்கிழமை

என் கௌரிக்கு,

நீர் போய் ஐந்து மாதமாகிவிட்டது. கர்க்லாண்டில் பனி இன்னும் கரையவில்லை. வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் உமக்குப் பொய் சொல்லி நான் எப்போது தப்பியிருக்கிறேன்?

மயூரனின் ஃபுட்போல் பற்றித்தான் எழுதவேண்டும். பல்கலைக்கழக அணியில் அவனுக்குப் போனதுதான் கடைசிப் பருவம். நீர் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ஒரு மட்சையும் தவறவிடவில்லை. டவுன்டவுனில் நான் சமைக்கும் உணவகத்திலிருந்து அவர்கள் விளையாடும் மைதானம் பத்து நிமிட நடை. ஐந்து வருடத்தில் நான் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. "முட்டை மாதிரி ஒரு பந்துக்காக ஆளை ஆள் இடிச்சு விழுத்திறதை ஆர் பாக்கிறது?" என்று நக்கலடிப்பேன். நீரோ மற்றப் பிள்ளைகளின் பிரெஞ்சுக்காரத் தாய்மாரோடு கம்பளி போர்த்திக்கொண்டிருந்து, எதிரணிக்காரன் பந்தோடு ஓடினால் "பிடி! பிடி!" என்று தமிழிலேயே கத்துவீராம். அது அவர்களுக்கும் தொற்றிவிட்டதாம்.

ஒக்டோபரில் நீர் போனீர். சாவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். ஆனால் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே நான் வேலைக்குப் போய்விட்டேன். அடுப்படி வேலைக்குத் துடக்கு இல்லை, பாரும். அடுத்த கிழமை மயூரனின் அணி அரையிறுதிக்கு வந்தது. வீட்டில் நான் சமைத்துக்கொண்டிருக்க, அவன் குசினி வாசலில் வந்து நின்றான்.

"அப்பா, சனிக்கிழமை நான் விளையாடப் போகட்டோ?"

"அம்மாவின்ரை முப்பத்தொண்டு முடியேல்லை. அதுக்குள்ள நீ பந்தடிக்கப் போனால் சனம் என்ன கதைக்கும்?"

"சரி அப்பா."

அவ்வளவுதான். கொஞ்சம் வாதாடியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் நீர் என் கையைப் பிடித்து, "எனக்கு என்ன நடந்தாலும் பிள்ளையின்ரை மட்சை மறிச்சுப் போடாதேங்கோ" என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. அவன் கேட்ட நேரமும் ஞாபகம் இருந்தது. அப்படியே விழுங்கிவிட்டேன். ஏன் விழுங்கினேன், கௌரி? உம்முடைய அண்ணர் குறை சொல்வார் என்ற பயமா? இல்லை, நீங்கள் இரண்டு பேரும் நானில்லாமல் அனுபவித்த ஒன்றின்மேல் எனக்கிருந்த எரிச்சலா?

அந்தச் சனிக்கிழமை துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெரிய உடம்பை வளைத்து அவன் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தான். பிறகு மாடிப்படியில் இருந்து போனில் மட்ச் பார்த்தான். நானும் பின்னால் போய் நின்றேன். முதன்முதலாக என் பிள்ளையின் அணி ஆடுவதைப் பார்த்தேன், என் பிள்ளை இல்லாமல். கடைசி நிமிடத்தில் அந்தச் சின்னத் திரைக்குள்ளிருந்து அந்தப் பிரெஞ்சுத் தாய்மார் கத்துவது கேட்டது. "பிடி! பிடி!"

ஒரே ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

"நான் நிண்டிருந்தாலும் தோத்திருப்பம் அப்பா" என்று என்னைத் தேற்றினான். அது உண்மையா என்று இனி யாரைக் கேட்பது?

நாலு மாதத்துக்கு மேலாக அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். போன ஞாயிறு, இரண்டு பேரும் வாசல் பனியை வழித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"தம்பி, அம்மா உன்னை விளையாட விடச்சொன்னவா. நான்தான் உனக்கு மறைச்சுப்போட்டன்."

அவன் பனி அள்ளும் சவளை நிறுத்தவில்லை.

"தெரியும் அப்பா. அம்மா எனக்கும் சொன்னவா."

"பேந்து ஏன் நீ போகேல்லை?"

"போகாதை எண்டு சொல்லேக்கை உங்கடை முகத்தைப் பாத்தனான். அவ்வளவு சனத்துக்குள்ள உங்களைத் தனிய விட்டிட்டுப் போக மனம் வரேல்லை."

கௌரி, நான் நடு வாசலில் நின்று அழுதேன். சாவீட்டில்கூட அப்படி அழவில்லை.

அந்தச் சனிக்கிழமையை என்னால் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவனுடைய விளையாட்டு அதோடு முடிந்துவிட்டது. ஆனால் உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவன் எதையாவது கேட்டு என் முன்னால் வந்து நின்றால், சனத்தை நினைக்கமாட்டேன். முதலில் அவன் முகத்தைப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன்.

உம்முடைய,
மயூரனின் அப்பா