கன்னம் பதிந்த கட்டை

என்னங்க,

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் புதுப் பெஞ்சுகளுக்கு எண்ணெய் பூசினார்கள். நான் தையல் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பொத்தான் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அந்த வாடை வந்தது. ஆளிவிதை எண்ணெய். ஊசி அப்படியே கையில் நின்றுவிட்டது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. இன்னமும் அந்த வாடை வந்தால் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது, அப்புறம்தான் நீங்கள் வருகிறீர்கள். என்ன செய்வது, அந்த வரிசையிலேயே பழகிப்போச்சு.

மணி அடித்ததும் தச்சரிடம் போய் ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன். "எதுக்கு டீச்சரம்மா?" என்றார். வீட்டில் ஒரு மரச்சாமான் இருக்கிறது என்றேன். பொய் இல்லையே.

அதை நீங்கள் முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறதா? லஸ் பக்கத்து ஜமீன்தாரின் மோட்டாரை நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்த காலம். பின்சீட்டில் சாக்கு சுற்றிப் படுத்திருந்தது. யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று நினைத்து ஓடிவந்து எட்டிப் பார்த்தால், சாக்கின் வாயில் இரும்புக் குழாய். மாதாவே! வாசலிலேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

"இன்னாடி அப்படிப் பாக்கறே? பட்டாளத்துத் துப்பாக்கி. முதலாளி ஏலத்துல எடுத்தாரு. பஸ்ரா சண்டையில நான் சுமந்ததுகூட இதும் அண்ணன் தம்பிதான். தேச்சு மெருகு ஏத்திக் குடுக்கறேன்னு சொல்லிக்கீறேன்" என்றீர்கள், கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நான் போட்ட சண்டையைச் சாந்தோம் முழுக்கக் கேட்டிருக்கும். கதர்க்காரர்களைத் தேடிக்கொண்டு போலீஸ் தெருத்தெருவாக அலைந்த நாட்கள் அவை. நம் வீட்டிலா துப்பாக்கி? முதலாளியின் லைசென்ஸில் அவருடைய வேட்டை ஆள் என்று உங்கள் பெயரும் சேர்ந்திருக்கிறது, தோட்டாக்கள் பங்களாவில் பூட்டிக்கிடக்கின்றன, இது வெறும் கட்டையும் குழாயும்தான் என்று நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். தலைக்கு ஏறியதா எனக்கு? தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், ஜெபமாலையை எடுத்துவிடுவேன். அதை நிறுத்தியிருந்த மூலையைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவேன். குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் ஒருநாளும் படுத்ததில்லை.

நீங்களோ அதைத் தொட்டுத்தொட்டு ரசித்தீர்கள். எத்தனை சிப்பாய்களின் வியர்வையோ, கட்டை கரியாகக் கறுத்திருந்தது. சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து என் பெரிய தவலையில் ஊற்றி, அதற்குள் கட்டையை முக்கி அழுக்கை எடுத்தீர்கள். அந்தத் தவலையில் அதற்குப் பிறகு நான் சோறு வடிக்கவில்லை, அது வேறு கதை. உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளங்கையாலேயே எண்ணெயைத் தேய்த்து ஏற்றினீர்கள். மரத்துக்குள்ளிருந்து செம்மண் நிறத்தில் ரேகை ரேகையாக எழும்பி வந்தது. அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினீர்கள். "வலது தோள்ல கட்டை. கன்னம் இதும் மேல. இடது கண்ணை மூடிக்கோ, வலது கண்ணு குழாய்க்கு நேரா நிக்கணும். பட்டாளத்துல இதான் அரிச்சுவடி." நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் கேட்டுவிட்டது. கேட்டது நல்லதாகப் போயிற்று.

அப்புறம் முதலாளியோடு கொட்டிவாக்கத்துச் சவுக்குத் தோப்புக்குப் போய்ப் பானையை வைத்துச் சுட்டுப்பார்த்தீர்கள். ஒன்றுகூடப் படவில்லை. முகம் தொங்கிப்போய் வந்தீர்கள். "கட்டையிலதான் கோளாறு. பட்டாளத்துல எல்லாத்துக்கும் ஒரே அளவு, ஆளைப் பாத்தா செய்றான்? முதலாளியும் நானும் ஒரே உசரம், ஒரே தோள். எனக்கு ஒத்துவந்தா அவருக்கும் ஒத்துவரும்" என்று கன்னம் வைக்கிற இடத்தைச் சுரண்ட ஆரம்பித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் சுரண்டல். இரண்டு கண்ணையும் விழித்துக்கொண்டு தோளில் வைத்துப் பார்ப்பது, உதட்டைப் பிதுக்குவது, மறுபடி சுரண்டுவது. மரத்தூள் என் தையல் துணியெல்லாம் பறந்தது.

கடைசியில் ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தீர்களே! "அடிச்சேன்டி! பானை தூள்! நான்தான் சொன்னேனே, மரத்துலதான் கோளாறுன்னு." அன்றைக்கு வஞ்சிர மீன் வாங்கிவந்து நீங்களே மசாலா தடவினீர்கள். மெருகு முழுசாக ஏறிய பிறகுதான் கையில் வாங்குவேன் என்று முதலாளி சொல்லியிருந்ததால் துப்பாக்கி நம் வீட்டிலேயே இருந்தது. வேலை முடிகிறதே, சனியன் ஒழிகிறதே என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே மீன் விற்கும் செவத்தியம்மா அக்கா நம் வாசலில் வந்து கூடையை டமாரென்று வைத்தாள்.

"இன்னா நைனா, குளத்து முனையில என் கூடையை இடிச்சிட்டுப் போய்க்கினே கீறே? மீனெல்லாம் தெருவுல. வலது பக்கம் இம்மாம் பெரிய பொம்பளை நிக்கறது கண்ணுக்குத் தெரியலியா?"

"பிரேக் பிடிக்கலக்கா, மன்னிச்சிரு" என்று சிரித்து மழுப்பினீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு "வலது பக்கம்" என்ற வார்த்தை காலில் தைத்த முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு முந்தின மாதம் நீங்கள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டதும் வலது பக்கம்தான். தம்ளரைத் தட்டிவிட்டதும் அந்தப் பக்கம்தான்.

மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனதும் அந்த மூலைக்குப் போனேன். கூட்டுவதற்கு இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கையில் எடுத்தேன். அப்பா, என்ன கனம்! நீங்கள் காட்டியபடியே தோளில் நிறுத்திக் கன்னத்தை நீங்கள் சுரண்டிய பள்ளத்தில் வைத்தேன். என் தலை தானாகச் சாய்ந்துகொண்டு போயிற்று. வலது கண் குழாயைத் தாண்டி அப்பால் போய்ச் சுவரைப் பார்த்தது. குழாய்க்கு நேராக நின்றது இடது கண்.

நான் தையல்காரி. ஒருத்தி வந்து ரவிக்கை ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னால், ரவிக்கையைப் பிரிக்கமாட்டேன், அவள் தோளைப் பார்ப்பேன். நீங்கள் இத்தனை வாரமும் ரவிக்கையைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

சனிக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். தலை துவட்டுகிற சாக்கில் துண்டை உங்கள் இடது கண்மேல் இழுத்துவிட்டேன். வலது கண் நன்றாகத் திறந்திருந்தது. என் கட்டைவிரலை அதற்கு நேராக மெல்லக் கொண்டுபோனேன். இமை மயிரில் உரசப்போகிற மட்டும் கொண்டுபோனேன். நீங்கள் சிமிட்டவே இல்லை.

"இன்னாடி, துவட்டறியா தூங்கறியா?" என்றீர்கள்.

துண்டைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன். கண், மோட்டார், செவத்தியம்மா கூடை. மறுநாள் மயிலாப்பூரில் தேர். முதலாளி வீட்டுக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அந்த ஜனக்கூட்டத்துக்குள் நீங்கள் மோட்டார் ஓட்டவேண்டும். போகாதீர்கள், காலில் விழுகிறேன், போகாதீர்கள் என்றேன்.

உங்களுக்கு வந்த கோபம்! "உனக்கு எதுலதான்டி பயம் இல்ல? பல்லி கத்தினா பயம். அலை சத்தம் பெருசானா பயம். போலீசு பூட்ஸு பயம். துப்பாக்கி வந்த நாள்லேர்ந்து பொலம்பிக்கினு கீறே. அது எடுபடல, இப்போ என் கண்ணு மேல வந்துட்டியா? இந்த வாரந்தான் பானையை அடிச்சேன், கண்ணு தெரியாதவனா அடிப்பான்?"

நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஓயாமல் பயந்தவள் பேச்சை யார் நம்புவார்கள்? தேரடிக் கூட்டத்தில் ஏதோ ஒரு குழந்தை உங்கள் வலது பக்கமாக ஓடிவருகிறது. அது மட்டுமே என் கண்ணில் நின்றது.

எழுந்துபோய் அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நான் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவதைப் பார்த்ததும் உங்கள் பேச்சு பாதியில் நின்றது.

"நான் பயந்தாங்கொள்ளிதான். என்னை நம்பவேணாம். உங்க கை செஞ்சதை நம்புங்க. பட்டாளத்துல சொல்லிக்குடுத்தாங்களே, அந்தப்படி அந்தத் தென்னைமரத்துக்கு நேரா பிடிங்க" என்றேன்.

பிடித்தீர்கள். தலை அந்தப் பள்ளத்துக்குள் போய்ச் சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் வந்து என் உள்ளங்கையால் உங்கள் இடது கண்ணை மூடினேன்.

குழாய் அப்படியும் இப்படியும் தேடியது. நல்ல வெயில். கொல்லையில் ஒரே ஒரு தென்னைமரம். "தலையை நிமிர்த்தித் தேடுங்க" என்றேன். நிமிர்த்தினீர்கள். வெகுநேரம் தேடினீர்கள். "பனியாக்கீதேடி" என்று என்னவோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டீர்கள். துப்பாக்கியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தீர்கள்.

"மரத்துலதான் கோளாறுன்னு நெனச்சேன்டி" என்றீர்கள்.

அன்றைக்கு நான் அழுத அழுகை! என் ஆயுசில் என்னென்னவோ நடக்கும் என்று பயந்திருக்கிறேன். ஒன்றும் நடந்ததில்லை. இது ஒன்று நிஜமாகப் போயிற்று. இதுவும் பொய்யாகிப்போயிருக்கக் கூடாதா என்று சுவரில் முட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தே லஸ்ஸுக்குப் போனோம். முதலாளி ஆசையாக வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "ஏமய்யா இது, கழுத்து சுளுக்கினவனுக்குச் செஞ்சாப்போல இருக்குது? யாருக்குச் செஞ்சே?" என்றார், தம் தெலுங்குத் தமிழில்.

"எனக்குத்தான் செஞ்சுக்கிட்டேன் போலக்கீதுங்க. ஒத்தக்கண்ணனுக்கு" என்று சொல்லி, மோட்டார் சாவியை மேஜைமேல் வைத்தீர்கள். நிமிர்ந்துதான் நின்றீர்கள். நான்தான் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சீறினார். என் பிள்ளைகளை வைத்துக்கொண்டா ஓட்டினாய் என்றார். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டீர்கள். கோபம் ஆறிய பிறகு அவரே கண் டாக்டரிடம் அனுப்பினார். வலியே இல்லாமல் போகிற கண்ணாம், போனது திரும்பாதாம், மற்றதைக் காப்பாற்ற மருந்து விடவேண்டுமாம். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் அவர் கட்டிய புது வீட்டுக்கு உங்களைக் காவலுக்கு வைத்தார். துப்பாக்கிக்குக் கடையில் வேறு கட்டை போட்டுக்கொண்டு, பழையதை ஆள்மூலம் நம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "அவன் கட்டையை அவன்கிட்டயே குடு" என்றாராம். நீங்கள் சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரிமேல் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு தினம் காலையில் காப்பி கொடுக்கும் முன்னால் தூரத்தில் நின்று விரலைக் காட்டுவேன். எத்தனை என்று நீங்கள் சொல்லவேண்டும். "உன் மொகரை தெரியுதுடி, அது போதாதா?" என்று வம்பு செய்வீர்கள். விரலைச் சொல்லும்வரை காப்பி கிடையாது. சொல்லிவிட்டால் அன்றைய பொழுது எனக்குப் பிழைத்தது. அந்தக் கண் கடைசிவரை நின்றது. உங்களைக் கொண்டுபோன காய்ச்சலில், டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிறகும், வேறென்ன செய்வதென்று தெரியாமல் நான் விரலைத்தான் காட்டினேன். "மூணு. இன்னொண்ணை மடிச்சு வெச்சிக்கினு கீறே, கள்ளி" என்றீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது காலையில் நானே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மாதா கோவில் கோபுரத்தைப் பார்க்கிறேன். அப்புறம் மற்றதைப் பொத்திக்கொண்டு பார்க்கிறேன். இரண்டிலும் தெரிகிறது. தெரிந்தால் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

சாயங்காலம் அலமாரிமேலிருந்து கட்டையை இறக்கினேன். தூசு தட்டி, தச்சர் கொடுத்த எண்ணெயை நீங்கள் செய்தமாதிரியே உள்ளங்கையால் தேய்த்தேன். அடிப்பக்கமெல்லாம் அழுத்தித் தேய்த்தேன். அந்தப் பள்ளத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நாம் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று போயிற்று. உங்கள் முகத்தில் இந்த ஒரு கன்னம்தான் எனக்கு மிச்சம். அழுத்தித் தேய்த்தால் கரைந்துபோய்விடுமோ என்று இப்போது அந்தப் பயம் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிரிக்காதீர்கள். பஞ்சில் தொட்டு, குழந்தை முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி ஒற்றி எடுத்தேன். அப்புறம் தோளில் நிறுத்தி, கன்னத்தை அதில் வைத்துக்கொண்டேன். எனக்குக் கன்னம் சின்னது. பள்ளம் நிறையவில்லை.