மேட்டில் இழுக்காத வண்டி

நவ. 4, செவ்வாய்

பனி. காலை எட்டு மணிக்கும் பைபாஸில் விளக்குப் போட்டுத்தான் வண்டிகள். சூளகிரி மேட்டில் லாரி மறுபடி இழுக்கவில்லை. இரும்பு லோடு. பின்னால் வந்த பெங்களூர்க்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தான். தாண்டும்போது கன்னடத்தில் என் அம்மாவை இழுத்தான். எனக்குக் கன்னடம் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் விட்டிருக்க மாட்டான்.

ஃபில்டர் மாற்றியாயிற்று. பம்ப் பிரித்துப் பார்த்தாயிற்று. மெக்கானிக் பாஷா கையை விரித்துவிட்டார். "எல்லாம் சரியாதான் இருக்குது முனிராஜு." கத்திவிட்டேன். இரண்டு வருஷ வண்டி, முக்கி முக்கி ஏறுகிறது, சரியாக இருக்கிறதாம்!

ஓனர் போன். டீசலைத் திருடிவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறாயா என்று கேட்கவில்லை. கேட்கிற குரலில் பேசினார்.

வாங்க வேண்டியது: சர்க்கரை மாத்திரை, ஊறுகாய், டார்ச்சுக்கு செல்.

நவ. 6, வியாழன்

தூறல். டீக்கடையிலிருந்து வீடு வரை ஒரு காலில் செருப்பு இல்லாமல் வந்திருக்கிறேன். மாதம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "கட்டின பொண்டாட்டியையும் இப்படித்தான் எங்கியாச்சும் வுட்டுட்டு வருவீங்க." செருப்பு கடை வாசலிலேயே கிடந்ததாம். அவளே போய் எடுத்து வந்தாள்.

ஓனர் முடிவு பண்ணிவிட்டார், வண்டியை டைனோவில் ஏற்றிப் பார்ப்பது. தொழிற்பேட்டையில் இருக்கிறது. பின்சக்கரங்கள் உருளை மேல் நிற்கும். வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். எஞ்சினுக்கு எவ்வளவு பலம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். நல்லது, சொல்லட்டும். அந்தக் காகிதத்தை பாஷா மூஞ்சியில் விட்டெறிகிறேன்.

நவ. 7, வெள்ளி

டைனோ. வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. சோதனை எடுப்பது திவ்யா என்ற பெண். என் மகள் வயது, ஒல்லிக்குச்சி. தெற்கத்திப் பிள்ளை, 'அண்ணே' என்கிறாள்.

நான் ஸ்டியரிங்கில். அவள் கீழே, லேப்டாப்போடு.

"முழுசா மிதிங்கண்ணே."

"மிதிச்சிட்டுதாம்மா இருக்கறன்."

"இல்லண்ணே, பெடல் எழுபதுதான் காட்டுது. நூறு வரணும். தரையோட அமுக்குங்க."

"தரையிலதான் இருக்குது!"

குனிந்து பார்த்தேன். பெடலுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி. சத்தியமாக, முழுதும் அழுத்தினதாகத்தான் எனக்கு இருந்தது.

என்னை இறக்கிவிட்டு அவளே ஏறி மிதித்தாள். யப்பா, என்ன சத்தம்! கூரைத் தகடு அதிர்ந்தது. இருக்க வேண்டிய பலம் அத்தனையும் இருக்கிறது.

இறங்கி வந்து மெதுவாகக் கேட்டாள். "சுகர் இருக்காண்ணே?"

"இருக்குது. யாருக்குத்தான் இல்ல?"

"எங்கப்பாவுக்கும் இப்படித்தாண்ணே பாதம் மரத்துப் போச்சு. பிரேக்கும் அதே கால்லதானே மிதிக்கிறீங்க?"

பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரிப்போர்ட்ல வண்டியப் பத்தி மட்டும்தாண்ணே எழுதுவேன். ஓனர்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

நவ. 8, சனி

நல்ல வெயில். ஓனர் வீடு. சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

"வேற எவன்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. டிரைவரு எங்க கெடைக்கறான்? பொங்கல் வரைக்கும் ஓட்டு. மெதுவா ஓட்டு, போதும்."

இத்தனை வருஷத்தில் மெதுவாக ஓட்டு என்று சொன்ன முதல் ஓனர் இவர்தான்.

கால் கட்டைவிரல் பக்கத்தில் தீக்குச்சி கொளுத்தி வைத்துப் பார்த்தேன். முடி கருகிய வாசம் வந்தபிறகுதான் எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஓட்டாமல் என்ன பண்ணுவேன்? வேறு எதுவும் தெரியாது. வாட்ச்மேன் வேலைக்கும் ஆள் வரிசையில் நிற்கிறது. பாஷாவிடம் வேறு மன்னிப்புக் கேட்க வேண்டும். நாசமாய்ப் போக. காலைத்தான் சொல்கிறேன்.

மாதம்மாவிடம் சொல்லவில்லை. மகளின் வளைகாப்புப் பேச்சில் இருக்கிறாள்.

நவ. 10, திங்கள்

மப்பும் மந்தாரமும். கெலமங்கலம் ரோடு. மெதுவாகத்தான் போனேன், ஓனர் சொன்னபடி.

பள்ளிக்கூடத்துப் பெண் ஒன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேனா? வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். நின்றது. பம்பருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு முழம்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தது. தனக்கு வழி விட்டதாக நினைத்துக்கொண்டது. "தேங்க்ஸ் அங்கிள்" என்று கையைக் காட்டிவிட்டு உருட்டிக்கொண்டு போனது.

ஓரம் கட்டினேன். உடம்பெல்லாம் நடுக்கம். கால் மட்டும் சும்மா இருந்தது. ஓனருக்குப் போன் பண்ணினேன்.

"வேற ஆள அனுப்புங்க. இனிமே நான் ஓட்ட மாட்டன்."

"வண்டிக்கு என்னாடா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க."

வைத்துவிட்டார்.

சாவி சட்டைப் பையில். இன்னும் யாரும் வரவில்லை. மாதம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். எடுக்கவில்லை.