படங்குத் துண்டு சுற்றிய ஹோஸ்

என் செல்வண்ணனுக்கு,

உன் லாரி திரும்பி வந்துவிட்டது அண்ணே. நெளிந்த கதவை மாற்றி, பெயின்ட் அடித்து, என் ஷெட்டில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு மறுபடியும் மேல் டிவிஷனுக்குப் போகப்போகிறது.

புது டிரைவர் மணி நேற்று மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "இழுக்கவே மாட்டீங்குதுங்க. கரும்புகை வேற. டர்போ புதுசுன்னீங்க?" ஏழு வாரத்துக்கு முன்னால் நீ சொன்னதும் அதேதானே?

அன்று நான் என்ன சொன்னேன்? "டர்போ நான் மாட்டுனது. நீ கியரை ஒழுங்காப் போடு." நீ சிரித்தாய். "சரிங்க, பெரிய மெக்கானிக்கு. ஒருநாள் லோடோட நீயே ஏத்திப் பாரு." நான் வரவில்லை.

நேற்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏர் ஃபில்டர் சுத்தம். டீசல் ஒழுங்காக வருகிறது. டர்போவில் ஆட்டம் இல்லை. கடைசியில், டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸ். அதன்மேல் நானே சுற்றிய படங்குத் துண்டு.

நம் லயத்து வீடுகளில் எது கிழிந்தாலும் படங்குதானே? பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் அந்தத் தார்ப்பாய் நைந்துபோனால், ஒழுகும் கூரைக்கு அது, ஓட்டை பூட்ஸுக்கு அது. ஹோஸில் அப்போது விரல்நுனி அளவு வெடிப்பு. புதுசு கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். "டர்போவே வாங்கித் தந்தாச்சு. இறுக்கிக் கட்டி அனுப்பு" என்றார் மேனேஜர். கட்டினேன். ஷெட்டில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

நேற்று அவிழ்த்தேன். ஒரு சாண் கிழிசல். வண்டி நிற்கும்போது ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. சுமையோடு மேடேறினால் காற்று தள்ளி வாய் பிளக்கும்.

அந்த வளைவில் இன்ஜின் திணறி நின்றதும், அதனால் பிரேக் கல்லாக இறுகி மிதிபடாமல் போனதும், வண்டி பின்னால் உருண்டதும் இதனால்தான். "குதிங்க, எல்லாரும் குதிங்க" என்று நீ கத்தியதைச் சொல்லிச் சொல்லி, அன்று லாரியில் வந்த சரசக்கா இன்னும் அழுகிறாள். பதினோரு பேரும் குதித்தார்கள். நீ ஸ்டியரிங்கை விடவில்லை, அதோடு போய்ச் சேர்ந்துவிட்டாய். ஆபீஸ் பேப்பரில் அது 'டிரைவரின் கவனக்குறைவு'. அதில் அண்ணி கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

இன்று காலை ஹோஸை மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் தொடக்கூட இல்லை. "இதைச் சுத்துனது யாரு? நீதானே? வெளிய சொன்னா முதல்ல உள்ள போறது நீ. பேசாம மாட்டு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சுற்றியது நான். சுற்றச் சொன்ன வாய்க்குத்தான் எந்தப் பேப்பரிலும் இடமில்லை. மனுஷிகளை இலை மூட்டையோடு மூட்டையாக ஏற்றுகிறவர்களுக்கு ஒரு ரப்பர் குழாய் பெரிய செலவு.

மதியத்திலிருந்து பனி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எதிர் லயம் தெரியவில்லை. நான் மாட்ட மறுத்ததும் மேனேஜர் வேறு மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறாராம். சாவி மணியிடம். அவன் கட்டுவது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

திங்கட்கிழமை மஸ்டர் எடுக்கும்போது, பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வாசிப்பேன், அண்ணே. அண்ணியும் இருப்பாள். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்ப்பாளா என்று தெரியவில்லை. ஆனால் ஒருத்தியும் அந்த லாரியில் ஏற மாட்டாள்.

உன் உடன்பிறந்தவன்,
முருகேசு