அளவுப் பெட்டிக்குக் கட்டிய ஈரத்துண்டு

அன்பு மகள் யோரிக்கோவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், இந்தத் தீவில் நலம் என்பதற்கு வேறு அர்த்தம் கிடையாது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், பேத்தி தோவாவுக்கு இருமல் குறைந்ததா, சப்போரோவில் வெயில் வந்ததா. இங்கே தென்மேற்குக் காற்று. எட்டு வருஷத்துக்கு முன்னால் நம்மையெல்லாம் கப்பலேற்றித் துரத்தியும் எரிமலைக்குத் திருப்தியில்லை, நாங்கள் திரும்பி வந்த பிறகும் வாயுவாக ஏப்பம் விடுகிறது, என் வயிறும் அப்படித்தான், ஆனால் என் ஏப்பத்துக்கு யாரும் ஒலிபெருக்கி வைக்கவில்லை. அஷிதபா கீரை ஓரமெல்லாம் கருகிவிட்டது, கூரைத் தகரம் மூன்றாம் முறையாகத் துருப்பிடித்துவிட்டது, ஆணி அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது.

இதைப் போன வாரமே எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் ஏதாவது வேடிக்கை பேசி மழுப்பிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் தெருமுனை அளவுப் பெட்டியை உனக்குத் தெரியும். மலை கக்கும் கந்தக வாயு, அந்த சல்ஃபர் டை ஆக்சைடு, காற்றில் ஏறினால் ஒலிபெருக்கி கத்தும், முதல் நிலை என்றாலே தோவா மாதிரி ஆஸ்துமா உள்ளவர்கள் முகமூடி மாட்ட வேண்டும். ஒரு வருஷம் முழுக்க எண் கட்டுக்குள் நின்றால்தான் அப்படிப்பட்ட குழந்தைகள் நம் பகுதியில் தங்கலாம் என்று கிராம அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பதினோரு மாதம் ஒருவழியாக ஓடியது. ஓபோன் பண்டிகைக்கு வருகிறோம் என்று நீ டிக்கெட் எடுத்தாய், அம்மா தோவாவுக்குப் போர்வை தைக்க உட்கார்ந்தாள், அந்த வாரமே எண் துள்ள ஆரம்பித்தது. முகமூடி கையில் இல்லையென்றால் ஈரத்துண்டை வாயில் பொத்திக்கொள்ளுங்கள், வாயு தண்ணீரில் கரைந்துவிடும் என்று பயிற்சியில் சொன்னார்களே. நம் வாய்க்கு நல்லது பெட்டியின் வாய்க்கும் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. அது காற்றை இழுக்கும் குழாயில் ஈரத்துண்டைக் கட்டிவிட்டேன். எண் மளமளவென்று இறங்கியது. நாயை நடக்கக் கூட்டிப்போகும் சாக்கில் காலையும் மாலையும் போய் நனைத்துவிட்டு வருவேன். பள்ளி மணியின் நாக்கைக் கழற்றி ஒளித்து வைத்த காலத்துப் புத்தி, அறுபத்துமூன்று வயதிலும் போகவில்லை, விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. மறுநாள் மலையிலிருந்து வாயு சரிவில் இறங்கியது, ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அசனுமா கொட்டகையில் குசயா கருவாட்டுக்கு மீன் ஊறப்போட்டுக்கொண்டிருந்தான். அந்த நாற்றத்தில் கந்தக நெடி எங்கே தெரியும். அவனுக்கும் இழுப்பு உண்டு, சத்தம் வரவில்லையே என்ற நம்பிக்கையில் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான். அம்மா கீரை கொடுக்கப் போனபோது வாசலில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். ஹெலிகாப்டரில் டோக்கியோவுக்குக் கொண்டுபோனார்கள்.

துண்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒக்கியாமா அம்மாள் கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. துண்டைப் பிழிந்து பார்த்துவிட்டு, "மத்த பெட்டியெல்லாம் ஏறுது, உங்க தெரு மட்டும் இறங்குது, அந்தக் கொழந்த வந்துரும்னு நானும் சந்தோஷப்பட்டேங்க" என்றார், அவ்வளவுதான்.

அசனுமா பிழைத்துவிட்டான். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். "டேய், என் கருவாட்டு நாத்தம் பிடிக்கலேன்னா நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, அதுக்கு மெஷின் வாயயா கட்டுவே" என்று சிரித்தான், சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை, நர்ஸ் போனை வாங்கி வைத்துவிட்டாள். அந்த வாசலில் தோவா கிடந்திருக்கலாம் யோரிக்கோ. பெட்டி பொய் சொல்லிக்கொண்டிருக்கும், நல்ல காற்று வாங்கு கண்ணு என்று நானே அவளைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

பதினோரு மாதமும் தள்ளுபடி, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அம்மா எனக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து வா வா என்று நச்சரித்தவன் நான், இப்போது நானே எழுதுகிறேன், இந்த ஓபோனுக்கு வராதே, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி, குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும். அவள் உறிஞ்சும் மருந்து தீர்வதற்கு முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிடு. ஏன் போகவில்லை என்று கேட்டால் மலைமேல் பழி போடாதே, தாத்தா தப்பு செய்துவிட்டார் என்றே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
தோகிசோ