காடாக்கப்பட்ட வயல்

புரட்டாதி 12, செவ்வாய்

மன்னார் முசலியின் பழைய வயல்களைப் பற்றி அறிக்கை எழுதுறதுதான் என் வேலை. இன்று, ஊருக்குத் திரும்பி வந்திருக்கிற சபீனா பற்றைக்குள் நடந்து, சண்டைக்காலத்தில் விட்டுப்போன தன் வாப்பாவின் வயல் வரம்பைக் காட்டினா. அரசாங்கத்தின் புது வரைபடத்தில் அது காடு; விதைக்க விடமாட்டினம். என்னிடமுள்ள பழையதில் வயல்.

"சேர், வயலெண்டு எழுதுங்கோ. அது போதும்."

"ஓம், எழுதுறன்" என்று சொன்னனான்.

பின்னேரம் கந்தோரில் மேலதிகாரி, வயலென்று எழுதின என் அறிக்கையை வாசித்துவிட்டு, "அந்த வரியை எடுத்துப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ" என்றார். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேணும். வரியை வெட்டிக் கையெழுத்து வைத்தன்.

அறைக்கு வந்து அந்த வரியை இந்தக் கொப்பியில் திரும்ப எழுதினன்: இது வயல். வாசிக்க இங்கே ஒருவரும் இல்லை. நாளைக்குச் சபீனா வந்து அறிக்கையின் பிரதி கேட்பா.